படுத்துப் பார்த்த வண்டி

கால் நீட்டினால் பின்கதவில் இடிக்கவில்லை. முதலில் காட்டிய பள்ளிக்கூட வண்டியில் முட்டியை மடக்கிக்கொண்டுதான் கிடக்க முடிந்தது, சக்கரத்துக்கு மேலே இருந்த மேடு வேறு முதுகில் குத்தியது. ரெண்டாவது நீல வண்டி கல்யாணச் சமையல்காரர் ஒருவர் ஓட்டியது, நீளமெல்லாம் சரிதான், ஆனால் தகரத்துக்குள் ஊறிப்போன சாம்பார் வாசம் எத்தனை தடவை கழுவினாலும் போகாது, மழையில் நனைந்தால் மறுபடி எழும்பும், நடுக்காட்டில் படுத்துக்கொண்டு பந்தி நினைப்பிலேயே கிடக்க வேண்டும். இது மூணாவது. வெள்ளை. சீட்டெல்லாம் கழற்றிய வெறுந்தரை. நான் வண்டி வாங்குவது இப்படித்தான், எஞ்சினைக் கேட்பதும் டயரை உதைத்துப் பார்ப்பதும் அப்புறம், தூங்குவதற்கு வாங்குகிற வண்டியில் முதலில் தூங்கிப் பார்க்க வேண்டும். செருப்பைக் கீழே கழற்றிவிட்டு, ஜெகதீசன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறி மல்லாந்துவிட்டேன். இந்தப் பழைய வண்டி யார்டை நடத்துகிறவன் அவன். படுத்த வாக்கிலேயே என் விலையைச் சொன்னேன். அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "ஓனர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்தர்றனுங்கண்ணா" என்று தகரக் கொட்டகைக்குப் பின்னால் போனான். போய்ப் பத்து நிமிஷம் இருக்கும். ஓனர் என்று ஒருத்தன் கிடையவே கிடையாது, இங்கே நிற்கிற அத்தனை வண்டிக்கும் அவன்தான் ஓனர், கொட்டகைக்குப் பின்னால் பீடி பிடித்துக்கொண்டு நான் எப்போது எழுந்து வருவேன் என்று காத்திருக்கிறான். நான் எழுந்து போனால் விலை அவன் பக்கம். அவன் வந்தால் என் பக்கம். முப்பத்தைந்து வருஷமாகப் பனியன் கம்பெனிகளில் விழுகிற கட்டிங் வேஸ்ட் துணி வாங்கி விற்கிறவனிடம் இந்தச் சின்ன வேலை. ஒரு மூட்டைத் துணிக்காக ஒரு பகல் முழுக்க ஒரு கம்பெனி வாசலில் பேசாமல் உட்கார்ந்தவன் நான். வரட்டும். எனக்கென்ன, படுத்துத்தானே இருக்கிறேன்.

கண்ணாடிகளில் ஊதா ஃபிலிம் ஒட்டியிருக்கிறது, அங்கங்கே குமிழ் விட்டு, மூணு மணி வெயில் அதற்குள் புகுந்து என் வேட்டி மேல் விழும்போது தண்ணீருக்குள் கிடக்கிற மாதிரி இருக்கிறது. ஆனி மாசத்துக் காற்று வண்டியை லேசாக ஆட்டுகிறது. கண்ணை மூடினால் ஓடுகிற மாதிரியே இருக்கிறது, ஆளில்லாமல் தானாக ஓடுகிறது, அவிநாசி ரோட்டை விட்டு இறங்கி, மேட்டுப்பாளையம் தாண்டி, பாக்கு மரங்களுக்கு நடுவில், யாரும் ஹாரன் அடிக்காத ஒரு ரோட்டில். இடது பக்கம் முழுக்க ஒரு பலகை, மடக்கினால் சுவரோடு சுவராகப் போக வேண்டும், விரித்தால் ரெண்டு பேர் படுக்க வேண்டும். அதற்கடியில் ரெண்டு இழுப்பறை, ஒன்றில் அரிசி பருப்பு, ஒன்றில் துணிமணி. பின்கதவைத் தூக்கினால் அதுவே கூரை, அதன் கீழே ஒத்தை அடுப்பு, என் சம்சாரம் ஸ்டூலில் உட்கார்ந்து காபி போட வேண்டும், நான் எங்கேயாவது ஓடைக்கரையில் நின்று பல் விளக்க வேண்டும். வாரநாளில் பலகையை மடக்கிவிட்டால் பதினைந்து மூட்டை வேஸ்ட் ஏறும், சனிக்கிழமை மத்தியானம் மூட்டையை இறக்கித் தூசு தட்டிவிட்டால் நாங்கள் ஏறிக்கொள்ளலாம். ரெண்டுக்கும் ஆகிற வண்டிதான் வண்டி. வெறும் ஊர் சுற்ற ஒரு வண்டி என்று வாங்கினால் என் உடம்பே ஒத்துக்கொள்ளாது, நிற்கிற நாளெல்லாம் அது என்னைப் பார்த்துச் சிரிக்கும். பஞ்சுத் தூசு பறக்கிற வண்டியில் எப்படிப் படுப்பது என்று அவள் கேட்கலாம். கேட்டால் நன்றாக இருக்கும். கேட்க மாட்டாள். காலையிலிருந்து மூணு வண்டி பார்த்தாயிற்று, ஒவ்வொன்றுக்குள்ளும் எட்டிப் பார்த்துவிட்டு உங்க இஷ்டம் என்கிறாள்.

உங்க இஷ்டம். அந்தச் சொல்லை எடைத்தட்டில் வைத்தால் முள் அசையாது. ஊதாக் கண்ணாடி வழியே அவள் தெரிகிறாள், பாதாம் மரத்தடியில் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் பை, பையின் மேல் ரெண்டு கை. சுலோச்சனா. முகத்தில் ஒன்றும் இல்லை. அந்த முகத்தை நான்தான் செய்தேன். கல்யாணமான புதிதில் ஈரோட்டில் ஒரு கடையில் ஒரு கத்தரிப்பூக் கலர் புடவையைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள், கடைக்காரன் அதைப் பார்த்துவிட்டான், அப்புறம் ஒரு ரூபாய்கூட இறங்கவில்லை, வெளியே வந்து நடுத்தெருவில் வைத்துக் கத்தினேன், வாங்குகிற இடத்தில் முகத்தைக் காட்டாதே, பிடித்தது என்று தெரிந்தால் செத்தோம் என்று. எட்டுப் பத்துப் பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவள் காட்டவே இல்லை. காய்கறிக்காரனிடம் காட்டவில்லை, நகைக்கடையில் காட்டவில்லை, எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, சம்சாரம் தேறிவிட்டாள் என்று. எந்த வருஷத்திலிருந்து வீட்டுக்குள்ளும் காட்டாமல் விட்டாள் என்று நான் கவனிக்கவில்லை. பேரம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் சரக்கைப் பிரிக்காமலே வைத்திருந்தாள். இப்போது சிந்துஜா மைசூருக்குக் கூப்பிடுகிறாள். எங்கள் மகள். ஆடி பிறக்கிறதுக்குள்ள வந்திரும்மா, பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் திறந்தாச்சு, நீ வந்து எங்ககூடவே இருந்துக்க என்றாள். போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினார்கள், ஒளித்துப் பேசவில்லை. கூடவே என்றால் ஒரு வாரமா, ஒரு வருஷமா, கடைசி வரைக்குமா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நான் முதலில் வாயைத் திறந்தவன் ஆகிவிடுவேன். ஆடிக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருக்கிறாள். என்ன எடுத்து வைத்திருக்கிறாள் என்று அவள் கோயிலுக்குப் போனபோது திறந்து பார்த்தேன், ஸ்வெட்டர் ரெண்டு இருந்தது. ஆனி மாசத்தில் கிளம்புகிறவள் மார்கழிக்குத் துணி எடுத்து வைக்கிறாள்.

மகள் சொன்ன விலை பெரிய விலை. தனி ரூம், மாடியில் ஜன்னல், குழந்தையின் கை, கத்தாத மாப்பிள்ளை. அதற்கு மேல் நான் ஏலம் கேட்க வேண்டும் என்றால் என்னிடம் என்ன இருக்கிறது. குடோன் இருக்கிறது. தும்மல் இருக்கிறது. சுவரில் விட்டெறிந்து உடைத்த மூணு போன் இருக்கிறது. போகாதே என்று ஒரு சொல் சொல்லலாம், அதைச் சொல்வதற்குப் பதிலாக ஒரு வண்டி வாங்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவை டிவியில் வெள்ளைக்காரன் ஒருத்தனும் அவன் பெண்டாட்டியும் ஒரு வேனுக்குள்ளேயே வீடு கட்டிக்கொண்டு மலை மலையாகப் போவதைக் காட்டினார்கள், சுலோச்சனா கையில் முருங்கைக்கீரையை வைத்துக்கொண்டு உருவாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த சாம்பிள். அந்தக் கீரையை நம்பித்தான் மூணு லட்ச ரூபாய் வண்டியில் படுத்திருக்கிறேன். ஜெகதீசன் இன்னும் வரவில்லை. வரட்டும். காற்று ஆட்டுகிறது. ஓடைத் தண்ணீர் சத்தம் மாதிரி ஏதோ கேட்கிறது, பக்கத்து வாட்டர் சர்வீஸில் யாரோ வண்டி கழுவுகிறான், கழுவட்டும், எனக்கு அது ஓடைதான்.

மேலே ரெண்டு கொக்கி இருக்கிறது. பார்க்கக் கூடாது என்று வேறு பக்கம் திரும்பினாலும் கண் அங்கேதான் போகிறது. கூரையில், என் நெஞ்சுக்கு நேர் மேலே, ஒரு கம்பியில் ரெண்டு கொக்கி. ஜெகதீசன் சொன்னான், டாக்டர் வீட்டு வண்டிங்கண்ணா, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் மட்டும்தான் ஓடுச்சு என்று. பொய்யென்று சொல்ல முடியாத பொய். ஏறும் முன்பே முன்பக்கம் போய் பானெட்டில் விரலை வைத்துத் தடவினேன், வெள்ளைப் பெயிண்டுக்கு அடியில் எழுத்து நெருடியது, தலைகீழாக அல்ல, இடம் வலமாக மாறி, முன்னால் போகிறவன் கண்ணாடியில் பார்த்து வழிவிடுவதற்காக எழுதுவார்களே அப்படி. தரையில் ஸ்ட்ரெச்சர் தண்டவாளம் கழற்றிய துளைகள், எம்-சீல் வைத்து அடைத்தது, என் இடுப்புக்கு ஒன்று, குதிகாலுக்கு ஒன்று. அதுதான் இதில் கால் நீட்ட முடிகிறது. ஆளைப் படுக்க வைக்கவே செய்த வண்டி. கண்டுபிடித்ததும் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும், இந்த ஒரு விஷயத்தைக் கையில் மறைத்து வைத்திருந்து கடைசியில் எடுத்துப் போட்டால் ஐம்பதாயிரம் இறங்கும் என்று. அப்புறம்தான் சுலோச்சனா மரத்தடியில் உட்கார்ந்திருப்பது ஞாபகத்துக்கு வந்தது. அவளுக்குத் தெரிய வேண்டாம். கொக்கியைக் கழற்றிவிடலாம். ஒரு திரை மாட்டினால் யாருக்குத் தெரியும், கொக்கியில் ஒரு விளக்கைத் தொங்கவிட்டால் அதுபாட்டுக்கு விளக்குக் கொக்கி. குளுக்கோஸ் பாட்டில் தொங்கியது. சொட்டுச் சொட்டாக. இல்லை, அது வேறு வண்டி. அந்த வண்டியில் கூரை என்ன நிறம் என்று எனக்குத் தெரியாது, படுத்திருந்தவன் நான் இல்லை, நான் வெளியே நின்றுகொண்டிருந்தேன்.

வெளியே நின்றுகொண்டிருந்தேன். ரெண்டு வருஷம் முன்னால், மழைக்காலம், காலை பதினொரு மணி. சுலோச்சனாவுக்குப் பித்தப்பையில் சீழ், உடனே கோயமுத்தூர் கொண்டு போங்க என்று திருப்பூர் டாக்டர் சொல்லிவிட்டார், வாசலில் ஒரு தனியார் ஆம்புலன்ஸ், அவளை ஏற்றிப் படுக்க வைத்தாயிற்று, பாட்டிலும் தொங்குகிறது, பின்கதவு ரெண்டும் திறந்து கிடக்கிறது. டிரைவர் ஒரு விலை சொன்னான். அந்தத் தூரத்துக்கு அந்த விலை அநியாயம், இப்போது நினைத்தாலும் அநியாயம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆத்திரம் வந்துவிட்டது. உயிர்போற நேரம்னு ஆளைப் பார்த்துக் கேக்கறியா என்று ஆரம்பித்தேன். அவனும் பேசினான். டீசல் என்றான், ஆக்ஸிஜன் என்றான், திரும்பி வருகையில் காலியாக வர வேண்டும் என்றான். நான் என்ன செய்தேன், எப்போதும் செய்வதைத்தான் செய்தேன், வேண்டாம் போ என்று ரோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தேன். நடந்தால் கூப்பிடுவான். திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும், வேகமாகவும் கூடாது, மெதுவாகவும் கூடாது. அண்ணா வாங்க, நீங்க சொன்னதையே குடுங்க என்றான். ஜெயித்துவிட்டேன். ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவிநாசி தாண்டுகிற வரைக்கும் உள்ளுக்குள் அந்த ஜெயிப்பு இருந்தது, ஒருவேளை முகத்திலும் இருந்திருக்கும், கொஞ்சம் விட்டிருந்தால் அவளிடம் சொல்லியே இருப்பேன், பார்த்தியா எப்படி இறக்கினேன் என்று. அவள் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். கோயமுத்தூர் டாக்டர் ஒரு அரை மணி நேரம் தாமதம் ஆகியிருந்தால் கஷ்டம் என்று சொன்னார், நான் அந்தச் சண்டைக்கு எத்தனை நிமிஷம் ஆனது என்று மனசுக்குள் பல தடவை கூட்டிப் பார்த்திருக்கிறேன், ஒரு தடவை ஆறு வரும், ஒரு தடவை பதினைந்து வரும். அவளிடம் கேட்டதில்லை. அவளும் அதைப் பேசியதில்லை. அதற்கடுத்த மாசம்தான் சிந்துஜா முதல் தடவை மைசூர் என்று சொன்னாள். சும்மா சொன்னாள் என்று நினைத்துக்கொண்டேன். சும்மாதான் இருக்கும். இல்லாமலும் இருக்கலாம். கதவு திறந்து கிடந்ததே, எல்லாம் கேட்டிருக்கும். மருந்து மயக்கத்தில் இருந்திருப்பாள், ஒன்றும் கேட்டிருக்காது. கதவு திறந்து கிடந்தது. ஊதா வெளிச்சம் இமைக்குள்ளும் இருக்கிறது. யாரோ வெளியே விலை பேசுகிறார்கள், குரல் என் குரல் மாதிரியே இருக்கிறது, நான் உள்ளே படுத்திருக்கிறேன், பாட்டில் சொட்டுகிறது, அண்ணா வாங்க என்று சீக்கிரம் கூப்பிட்டுத் தொலையேன்டா என்று அந்த டிரைவரிடம் சொல்லப் பார்க்கிறேன், வாய் வரவில்லை, செருப்புச் சத்தம் மட்டும் தள்ளித் தள்ளிப் போகிறது.

வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கண்ணைத் திறந்தால் சுலோச்சனா பக்கக் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு முட்டியை முதலில் தூக்கி வைத்து ஏறிக்கொண்டிருக்கிறாள்.

"ஏனுங்க, தூங்கிட்டீங்களா" என்றாள். இல்லை என்றேன். எழுந்து உட்காரப் பார்த்தேன், படுங்க படுங்க என்று கையைக் காட்டிவிட்டுப் பையை ஓரமாக வைத்தாள். உட்கார்ந்தாள். அப்புறம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு என் பக்கத்திலேயே மல்லாந்து படுத்தாள். அகலம் போதவில்லை, அவள் தோள் என் தோளில் இடித்தது. பஞ்சுத் தூசு இல்லாத அவள் வாசம், பாதாம் இலை ஒன்று தலையில். அவள் மேலே பார்த்தாள். கொக்கியை மறைக்கிற மாதிரி எதையாவது காட்ட வேண்டும் என்று, இந்தப் பக்கம் பலகை போடலாம், அடியில் ரெண்டு இழுப்பறை, மடக்கினால் மூட்டை ஏற்றலாம் என்று சொல்லிக் கையை நீட்டினேன். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"இந்த மாதிரி வண்டிதானுங்க அது" என்றாள்.

எந்த வண்டி என்று நான் கேட்டிருக்கலாம். சொன்னது ஜெகதீசனாக இருந்தால் கேட்டிருப்பேன். "ஆமா" என்றேன்.

காற்று ஒரு தடவை ஆட்டிவிட்டு விட்டது. பக்கத்தில் கழுவுகிறவன் மோட்டாரை நிறுத்தினான். அவள் கணக்குக் கேட்கிற குரலில், கோபமில்லாமல், "அன்னைக்கு எத்தனை கொறச்சீங்க" என்று கேட்டாள்.

"எழுநூறு."

"எழுநூறு" என்றாள் அவளும், மூட்டை எடையைத் திருப்பிச் சொல்கிற மாதிரி. பிறகு மேலே பார்த்தபடியே சொன்னாள்: "நீங்க நடந்து போனீங்கள்ல, செருப்புச் சத்தத்தை எண்ணிட்டுக் கெடந்தேன். திரும்பி வருவீங்கன்னு தெரியும். உங்க வேலை எனக்குத் தெரியாதா. தெரிஞ்சும் எண்ணினேன். பதினாலு."

நான் ஏழு எட்டு அடிதான் இருக்கும் என்று இத்தனை நாளும் வைத்திருந்தேன். வாய் தன்னாலே திறந்தது, பதினாலு இருக்காது என்று சொல்ல, அந்தப் பழக்கம் அப்படி, யார் ஒரு எண்ணைச் சொன்னாலும் குறைக்கத்தான் திறக்கும். மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டால் மூச்சு மூக்கு வழியாகச் சத்தமாக வந்தது. நான் முதலில் பேசக் கூடாது, பேசினால் போச்சு, பேசினால் போய்விடும், என்ன போய்விடும், போவதற்கு இனி என்ன பாக்கி இருக்கிறது, பெட்டியில் ஸ்வெட்டர் ரெண்டு இருக்கிறது.

"மைசூருக்குப் போகாதே, சுலோ" என்றேன். கூரையைப் பார்த்துத்தான் சொன்னேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை, அதட்டுகிற மாதிரி இருந்தது. திரும்பவும் மெதுவாகச் சொன்னேன். "எனக்கு வேணும். நீ இங்க இருக்கோணும்."

அவள் சிரித்தாள். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்கியது, தோள் இடித்ததால் எனக்குத் தெரிந்தது. "அதுக்கு இவ்வளவு பெரிய வண்டியா" என்றாள்.

அவள் கையைத் தூக்கி, கொக்கிக் கம்பிக்கும் பின்கதவுக்கும் நடுவில், அவள் முகத்துக்கு நேர் மேலே, விரலால் ஒரு சதுரம் போட்டாள். "இங்க ஒரு ஜன்னல் வெக்கோணும். கண்ணாடி போட்டு. அன்னைக்கு அங்கிருந்து கோயமுத்தூர் வரைக்கும் இந்தத் தகரத்தையே பாத்துட்டுப் போனேன். ஒரு மேகம் தெரிஞ்சிருந்தாப் போதும். வேஸ்ட் மூட்டையெல்லாம் இதுல ஏத்தற நாள்ல நல்லாக் கழுவி விடுங்க, எனக்கு மூச்சு முட்டும். இந்தப் படி எனக்கு உயரம், கீழ ஒரு படி அடிக்கோணும். அப்பறம் உங்க சாமான் உங்க இழுப்பறையில, என் சாமான் என்னுதுல."

எத்தனை குறை. காலையிலிருந்து ஒரு வண்டிக்கும் ஒரு குறை சொல்லாதவள். வாங்காதவன் எவனும் சரக்கில் இத்தனை குறை சொல்ல மாட்டான், நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான், இது எனக்கு எழுதப் படிக்கத் தெரிவதற்கு முன்பே தெரியும். முகத்தில் காட்டிவிட்டேனோ என்று ஒரு பயம் வந்தது, பிறகு காட்டினால் என்ன என்று விட்டுவிட்டேன், எப்படிக் காட்டுவது என்றுதான் தெரியவில்லை, கன்னம் இறுகிப்போய் இருந்தது.

"அப்ப மைசூரு" என்றேன்.

"பாப்பாகிட்ட வர்றேன்னு சொல்லிட்டனுங்க. இதுலயே கொண்டு போய் விடுங்க. வழியில அந்த மலைக்காட்டு ரோட்ல எங்கியாச்சும் ஒரு நாள் நிப்பாட்டலாம்."

"திரும்பி?"

அவள் பாதாம் இலையைத் தலையிலிருந்து எடுத்து இரண்டாக மடித்தாள். "அதை அங்க போயிப் பேசிக்கலாம்" என்றாள்.

பேசிக்கலாம். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. எங்கே கற்றாள் என்று கேட்க வேண்டியதில்லை. இப்படி ஒரு இடத்தில் எதிராளி நிறுத்தினால் எழுந்து நடக்க வேண்டும் என்பது என் முறை. எனக்கு எழுந்திருக்கவே தோன்றவில்லை. அந்தத் தோள் அப்படியே இடித்துக்கொண்டிருந்தால் போதும் என்று இருந்தது, வண்டி ஆடுகிறது, எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது, மைசூர் வரட்டும், மெதுவாக வரட்டும்.

கொட்டகைப் பக்கமிருந்து செருப்புச் சத்தம். ஜெகதீசன் போனைக் காதிலிருந்து எடுக்கிற மாதிரி நடித்துக்கொண்டே வந்து கதவோரம் நின்றவன், ரெண்டு பேரும் படுத்திருப்பதைப் பார்த்து ஒரு நிமிஷம் தடுமாறினான். பிறகு, ஓனரோடு மல்லுக்கட்டி உங்களுக்காகப் பத்தாயிரம் இறக்கியிருக்கேனுங்கண்ணா என்று ஒரு விலை சொன்னான். காதில் விழுந்தது. பானெட்டின் எழுத்தும் எம்-சீல் துளையும் கைவசம் இருந்தன, எடுத்துப் போட்டிருக்கலாம்.

"அதெல்லாம் கெடக்கட்டும் தம்பி" என்றேன், எழுந்திருக்காமலே. "கூரையில கண்ணாடி வெட்டி மாட்டறதுக்கு இந்தப் பக்கத்துல நல்ல ஆளு யாரு இருக்கான், மொதல்ல அதைச் சொல்லு."